சட்டமன்றத்திற்குள் துப்பாக்கி: யாருடைய உரிமை?

(கட்சி அரசியல் வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அரசுக் கட்டடங்களுக்குள், குறிப்பாகச் சட்டமன்றங்களுக்குள், குடிமக்கள் துப்பாக்கி ஏந்தி வரலாமா என்ற விவாதம் அமெரிக்காவில் நெடுங்காலமாக நடந்துவருகிறது. நமக்கு இப்படியொரு கேள்வி எழுவதே விந்தையாகத் தோன்றலாம். பார்வையாளர் மாடத்திலிருந்து ஒரு துண்டறிக்கையை வீசினாலே கைது செய்யப்படும் நாடு நம்முடையது. ஆயினும் இந்த விவாதத்தை நாம் கூர்ந்து கவனிக்க வேண்டும். ஆயுதம் ஏந்தும் உரிமை அங்கே யாருக்கு வழங்கப்பட்டது, யாரிடமிருந்து பறிக்கப்பட்டது என்ற வரலாறு, இன்று அசாமிலும் மணிப்பூரிலும் நடப்பதைப் புரிந்துகொள்ள உதவும்.

மிச்சிகனில் நடந்தது

2020 ஏப்ரல் 30. கொரோனா பெருந்தொற்று ஆயிரக்கணக்கான உயிர்களைப் பலிகொண்டிருந்த நேரம். மிச்சிகன் மாநிலத் தலைநகர் லான்சிங்கில், ஆளுநர் கிரெட்சன் விட்மர் அறிவித்திருந்த நெருக்கடி நிலையை நீட்டிப்பது குறித்துச் சட்டமன்றம் கூடியிருந்தது. ஊரடங்கை எதிர்த்துத் திரண்டவர்களில் ஒரு பகுதியினர் ராணுவ பாணித் துப்பாக்கிகளுடன் கட்டடத்திற்குள் நுழைந்தனர். செனட் அவையின் மாடத்தில் ஏறி நின்றனர். கீழே உறுப்பினர்களில் சிலர் குண்டு துளைக்காத உடை அணிந்தபடி அலுவல்களில் பங்கேற்றனர்.

துப்பாக்கியுடன் உள்ளே வந்ததற்காக எவரும் கைது செய்யப்படவில்லை. அந்த மாநிலச் சட்டப்படி அது குற்றமல்ல. அதே கட்டடத்திற்குள் கோரிக்கை எழுதிய அட்டைகளைக் கொண்டுவரத் தடை இருந்தது என்பதைத் தோழர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அட்டைக்குத் தடை, துப்பாக்கிக்கு அனுமதி!

இதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்பே குடியரசுத் தலைவர் டிரம்ப், மிச்சிகனை விடுவியுங்கள் என்று சமூக வலைத்தளத்தில் அறைகூவியிருந்தார். மாடத்தில் துப்பாக்கிகள் ஏறிய மறுநாள், இவர்கள் நல்லவர்கள், இவர்களுடன் ஆளுநர் பேச வேண்டும் என்று பரிந்துரைத்தார். மே 14 அன்று மீண்டும் ஆர்ப்பாட்டம் அறிவிக்கப்பட்டபோது சட்டமன்றம் தன் அமர்வையே ரத்து செய்துவிட்டது. அக்டோபரில், ஆளுநரைக் கடத்தத் திட்டமிட்டதாகப் பலர் கைதாயினர். அவர்களில் சிலர் ஏப்ரல் 30 கூட்டத்தில் கலந்துகொண்டவர்கள். வழக்குத் தொடுக்கப்பட்ட 14 பேரில் சிலர் தண்டிக்கப்பட்டனர், சிலர் விடுவிக்கப்பட்டனர். 2021 ஜனவரி 6 அன்று வாஷிங்டனில் நாடாளுமன்றக் கட்டடமே தாக்கப்பட்டது. அதன் பிறகுதான், ஜனவரி 11 அன்று, மிச்சிகன் சட்டமன்றக் கட்டடத்திற்குள் வெளிப்படையாகத் துப்பாக்கி ஏந்தி வருவதற்குத் தடை வந்தது. மறைத்து எடுத்துவருவதற்கான தடை 2023இல்தான் வந்தது. அதிலும் உரிமம் பெற்ற சட்டமன்ற உறுப்பினர்களுக்கு விலக்கு உண்டு.

வெடிக்காத துப்பாக்கியும் பேசும்

துப்பாக்கி உரிமைக்காக வாதாடுவோர் ஒரு கேள்வி கேட்கிறார்கள்: "அன்று ஒரு குண்டாவது வெடித்ததா? யாருக்காவது காயம் ஏற்பட்டதா? அமைதியாக நின்றவர்களை ஏன் குற்றம் சொல்கிறீர்கள்?"

குண்டு வெடிக்கவில்லை என்பது உண்மை. ஆனால் மே 14 அன்று சட்டமன்றம் கூடவில்லை என்பதும் உண்மை. தேர்ந்தெடுக்கப்பட்ட ஓர் அவை தன் அலுவலை நிறுத்திக்கொள்வதற்கு ஒரு குண்டு கூடத் தேவைப்படவில்லை, துப்பாக்கிகள் மீண்டும் வரக்கூடும் என்ற எதிர்பார்ப்பே போதுமானதாக இருந்தது. வாக்களிக்கும் கை தலைக்கு மேலே நிற்கும் துப்பாக்கியைக் கணக்கில் எடுத்துக்கொள்ளத் தொடங்கும்போது, அந்த வாக்கு மக்களுடையதாக இருப்பதில்லை.

லான்சிங் நகரின் பிரதிநிதியான சாரா அந்தோணி என்ற கறுப்பினப் பெண் உறுப்பினர், அடுத்த வாரம் சட்டமன்றத்திற்குச் சென்றபோது ஆயுதம் தாங்கிய கறுப்பின ஆதரவாளர்கள் அவருக்குத் துணையாக நடந்து சென்றனர். காவல் துறையும் சட்டமும் காக்காத நிலையில் அவர்கள் எடுத்த முடிவை நாம் புரிந்துகொள்ளலாம். ஆனால் மக்கள் பிரதிநிதி பேசுவதற்கு முன் தனக்கென ஓர் ஆயுதக் குழுவைத் தேட வேண்டிய நிலை வந்துவிட்டால், அத்தகைய குழுவைத் திரட்ட இயலாத ஏழை மக்களின் குரல் அந்த அவையில் எப்படி ஒலிக்கும்?

1967: சட்டம் விரைந்து ஓடிய கதை

மிச்சிகனில் தடை வருவதற்கு எட்டரை மாதங்களும், நாடாளுமன்றத்தின் மீதான ஒரு தாக்குதலும் தேவைப்பட்டன. இதை வேறொரு நிகழ்ச்சியுடன் ஒப்பிட வேண்டும்.

1966 அக்டோபரில் கலிஃபோர்னியாவின் ஓக்லண்ட் நகரில் ஹியூ நியூட்டனும் பாபி சீலும் கருஞ்சிறுத்தைக் கட்சியைத் தொடங்கினர். கறுப்பின மக்கள் மீது காவல் துறை நடத்திய வன்முறையைக் கண்காணிக்க, கட்சியின் உறுப்பினர்கள் சட்டப் புத்தகத்துடனும் துப்பாக்கியுடனும் காவல் வாகனங்களைப் பின்தொடர்ந்தனர். அன்றைய மாநிலச் சட்டம் இதை அனுமதித்தது. உடனே குடியரசுக் கட்சி உறுப்பினர் டான் மல்ஃபோர்ட், குண்டு நிரப்பிய துப்பாக்கியைப் பொது இடங்களில் ஏந்திச் செல்வதைத் தடைசெய்யும் மசோதாவைக் கொண்டுவந்தார். அதை எதிர்த்து 1967 மே 2 அன்று பாபி சீல் தலைமையில் சுமார் 30 பேர் துப்பாக்கிகளுடன் சாக்ரமெண்டோவில் உள்ள சட்டமன்றக் கட்டடத்திற்குள் சென்றனர். அவர்களும் சுடவில்லை. அறிக்கை ஒன்றைப் படித்தனர். அன்றே கைது செய்யப்பட்டனர்.

மூன்று மாதம் கூட ஆகவில்லை. ஜூலை 28 அன்று ஆளுநர் ரொனால்ட் ரீகன் அந்தச் சட்டத்தில் கையெழுத்திட்டார். இரு கட்சிகளும் ஆதரித்தன. இன்று எந்தக் கட்டுப்பாட்டையும் எதிர்க்கும் தேசிய ரைஃபிள் சங்கமும் அன்று அதை ஆதரித்தது. 1980 தேர்தலில் அதே சங்கம் அதே ரீகனைத் துப்பாக்கி உரிமையின் காவலராக ஏற்று ஆதரவு அறிவித்தது.

கறுப்பினத்தவர் கையில் இருந்தபோது பொது அமைதிக்கு ஆபத்தாகத் தெரிந்த துப்பாக்கி, வெள்ளை மேலாதிக்கவாதிகளின் கையில் சுதந்திரத்தின் சின்னமாகிவிட்டது. உரிமை என்ற சொல் ஒன்றுதான். அதை அனுபவிப்பவர் யார் என்பதை நிறமும் வர்க்கமும் தீர்மானித்தன.

நீதிமன்றத்தின் இரட்டை அளவுகோல்

2008ஆம் ஆண்டின் ஹெல்லர் வழக்கில், துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமை என்று அமெரிக்க உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2022 ஜூனில் புருயென் வழக்கில், நூறாண்டுக்கும் மேலாக நடைமுறையில் இருந்த நியூயார்க் மாநிலக் கட்டுப்பாட்டை ரத்து செய்து, வீட்டிற்கு வெளியிலும் ஏந்திச் செல்லலாம் என்றது. இரண்டு தீர்ப்புகளிலும் ஒரு விலக்கு உண்டு. பள்ளிகள், அரசுக் கட்டடங்கள் போன்ற இடங்களில் தடை செல்லும் என்றது முதல் தீர்ப்பு. சட்டமன்றங்கள், வாக்குச் சாவடிகள், நீதிமன்றங்கள் ஆகியவற்றைக் குறிப்பிட்டது இரண்டாவது.

உச்சநீதிமன்றக் கட்டடத்திற்குள் பார்வையாளர் எவரும் துப்பாக்கியுடன் நுழைய முடியாது. நீதிபதிகளுக்கு இந்தப் பாதுகாப்பு தேவைதான். ஆனால் கடைத் தெருவிலும் பேருந்திலும் நிற்கும் தொழிலாளிக்கு அது ஏன் தேவையில்லை? 2021இல் மட்டும் அந்நாட்டில் 48,830 பேர் துப்பாக்கியால் இறந்தனர். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள். மக்கள் தொகையைவிடத் துப்பாக்கிகளின் எண்ணிக்கை அதிகமாக உள்ள நாடு அது. இதனால் லாபம் ஈட்டுவோர் ஆயுத உற்பத்தியாளர்கள்.

நம்மிடையே எழும் ஒரு கேள்வி

இங்கே தோழர்கள் ஒரு கேள்வி எழுப்பக்கூடும். 1850 மார்ச்சில் கம்யூனிஸ்ட் கழகத்திற்கு மார்க்சும் எங்கெல்சும் எழுதிய சுற்றறிக்கையில், தொழிலாளர்கள் ஆயுதங்களை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று வலியுறுத்தவில்லையா? அமெரிக்க இடதுசாரிகளில் சிலர் இதை எடுத்துக்காட்டித் துப்பாக்கிக் கட்டுப்பாட்டையே எதிர்க்கிறார்கள்.

அந்தச் சுற்றறிக்கை எழுதப்பட்ட சூழலை நாம் பார்க்க வேண்டும். அது ஜெர்மன் புரட்சி தோல்வியுற்று, அடுத்த எழுச்சி நெருங்குகிறது என்று அவர்கள் கருதிய காலம். அவர்கள் பேசியது தொழிலாளர்கள் தாமே தேர்ந்தெடுத்த தலைமையின் கீழ், தம் அமைப்புகளுக்குக் கட்டுப்பட்டு இயங்கும் காவற்படையைப் பற்றி. பணம் உள்ளவர் கடையில் வாங்கித் தோளில் மாட்டிக்கொள்ளும் துப்பாக்கியைப் பற்றி அவர்கள் பேசவில்லை. சந்தையில் விற்கப்படும் ஆயுதம் எல்லாரிடமும் சமமாகப் போய்ச் சேராது. உரிமம் வழங்கும் அதிகாரி, பணம், சாதி, இனம் ஆகிய வடிகட்டிகளைத் தாண்டித்தான் அது கைக்கு வருகிறது.

நமது மண்ணின் பாடம்

இதை நம் வரலாறும் உறுதி செய்கிறது. லிட்டன் பிரபு காலத்தில், 1878இல் கொண்டுவரப்பட்ட ஆயுதச் சட்டம் இந்தியர்களை உரிமம் கேட்டு நிற்கவைத்தது, ஐரோப்பியர்களுக்கு விலக்கு அளித்தது. அந்த அவமானத்தின் எதிர்வினையாகவே 1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானத்தில், ஒழுங்குமுறைக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமை இடம்பெற்றது. 1948 டிசம்பரில் எச்.வி.காமத் இதை அடிப்படை உரிமையாக்க அரசியல் நிர்ணய சபையில் திருத்தம் கொண்டுவந்தார். அம்பேத்கர் அதை ஏற்கவில்லை. திருத்தம் தோற்றது. அரசியலமைப்பின் பிரிவு 19(1)(ஆ), அமைதியாகவும் ஆயுதங்கள் இன்றியும் கூடும் உரிமையை நமக்கு அளிக்கிறது. சாதி ஆதிக்கம் நிலவும் நாட்டில் ஆயுதம் அடிப்படை உரிமையாகியிருந்தால் அது யார் வீட்டில் குவிந்திருக்கும் என்பதைப் பீகாரின் நிலவுடைமையாளர் படைகள் காட்டின. 1997 டிசம்பர் 1 இரவு லட்சுமண்பூர் பாத்தேயில் ரண்வீர் சேனை 58 பேரைக் கொன்றது. 2013இல் பாட்னா உயர்நீதிமன்றம், கீழ் நீதிமன்றம் தண்டித்த 26 பேரையும் விடுவித்தது.

அரசே ஒரு பிரிவினருக்கு ஆயுதம் கொடுத்து மறு பிரிவினருக்கு எதிராக நிறுத்தும்போது நிலைமை இன்னும் மோசமாகிறது. சத்தீஸ்கரில் சல்வா ஜூடும் என்ற பெயரில் பழங்குடி இளைஞர்கள் கையில் துப்பாக்கி திணிக்கப்பட்டது. 2011 ஜூலை 5 அன்று உச்சநீதிமன்றம் அதை அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்து, ஆயுதங்களைத் திரும்பப் பெற ஆணையிட்டது. மாநில அரசோ புதிய சட்டம் இயற்றி அவர்களையே துணைப் படையாக்கிக்கொண்டது.

அந்தத் தீர்ப்பின் பொருள் இன்று அசாமில் காற்றில் பறக்கவிடப்படுகிறது. 2025 மே 28 அன்று ஹிமந்த பிஸ்வ சர்மா அமைச்சரவை, "பாதிப்புக்குள்ளாகக்கூடிய" பகுதிகளில் வாழும் "பூர்வகுடி" மக்களுக்கு ஆயுத உரிமம் வழங்க முடிவு செய்தது. முதலமைச்சர் பட்டியலிட்ட துப்ரி, பார்பேட்டா, மோரிகாவ், நகாவ், தெற்கு சல்மாரா-மன்கசார் ஆகியவை முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் மாவட்டங்கள். குடிமக்களைக் காப்பது காவல் துறையின் கடமை. அந்தக் கடமையைக் கைவிட்டு, அண்டை வீட்டாரைப் பகைவராகக் காட்டி ஒரு தரப்பினருக்கு மட்டும் துப்பாக்கி கொடுப்பது வகுப்புவாத அரசியலே அன்றி வேறில்லை.

அதன் முடிவு என்னவாக இருக்கும் என்பதற்கு மணிப்பூர் சாட்சி. 2023இல் அங்கே அரசின் ஆயுதக் கிடங்குகளிலிருந்து சுமார் 6,000 ஆயுதங்கள் சூறையாடப்பட்டன. 2024 ஜனவரி 24 அன்று இம்பாலின் காங்லா கோட்டைக்கு ஆரம்பாய் தெங்கோல் என்ற ஆயுதக் குழு மக்கள் பிரதிநிதிகளை வரவழைத்தது. ஆளும் பாஜக உட்படப் பல கட்சிகளின் சட்டமன்ற உறுப்பினர்கள் அங்கே சென்று, குழுவின் கோரிக்கைகளுக்கு உறுதிமொழி அளித்தனர். மாநிலக் காங்கிரஸ் தலைவர் தாக்கப்பட்டார். மிச்சிகனில் துப்பாக்கி சட்டமன்றத்தைத் தேடி வந்தது. மணிப்பூரில் சட்டமன்றமே துப்பாக்கியைத் தேடிச் சென்றது.

நமது கடமை

ஆகவே தோழர்களே, இதை அமெரிக்கர்களின் விசித்திரப் பழக்கம் என்று நாம் ஒதுக்கிவிடக் கூடாது. அசாம் அரசு தனது உரிமத் திட்டத்தைத் திரும்பப் பெற வேண்டும். மணிப்பூரில் சூறையாடப்பட்ட ஆயுதங்கள் அனைத்தும், எந்தத் தரப்பிடம் இருந்தாலும், மீட்கப்பட வேண்டும். நிலவுடைமையாளர்களும் வகுப்புவாத அமைப்புகளும் உரிமத்துடனோ உரிமமின்றியோ குவித்துவைத்துள்ள ஆயுதங்கள் பறிமுதல் செய்யப்பட வேண்டும். ஊர்வலங்களில் வாளும் துப்பாக்கியும் காட்டப்படும் இடங்களில் சட்டம் சமமாகப் பாய வேண்டும். இக்கோரிக்கைகளைத் தொழிற்சங்கங்களிலும் விவசாய சங்கங்களிலும் மாதர், மாணவர், வாலிபர் அமைப்புகளிலும் நாம் எடுத்துச் செல்வோம்.

உழைக்கும் மக்கள் கோரிக்கை அட்டையுடன் சட்டமன்றத்தை நோக்கிச் செல்லும்போது அவர்களை வழியிலேயே மறிக்கும் அரசு, ஆயுதம் ஏந்தியவர்களுக்குக் கதவு திறந்துவிடுகிறது. அந்த அட்டை ஏந்தும் உரிமையைக் காப்பதற்கான போராட்டமே நமது போராட்டம்.