பங்குனி வெயிலும் துண்டுப் போர்வையும்



மாசிப் பனி விலகிவிட்டது. இரவில் இழுத்துப் போர்த்த போர்வைகளைத் தோய்த்து மடித்து வைக்கும் காலம் இது. கடையில் வாங்கிய போர்வையைத் தோய்க்க எவருக்கும் தெரியும். வீட்டில் தைத்த துண்டுப் போர்வைக்குத்தான் பக்குவம் வேண்டும். அம்மாவின் பழஞ்சீலை, அப்பாவின் சாரம், பிள்ளைக்கு விரித்த பிளனல் துணி, கனடாவிலிருந்து பெட்டியில் வந்த பிளனல் சட்டை எல்லாவற்றையும் சதுரம் சதுரமாக வெட்டி, அடுக்கி, பொருத்தித் தைத்த போர்வை அது.

பழந்துணியின் அருமையை வன்னிக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. 2009இல் இறுதிப் போரின்போது மாத்தளன், முள்ளிவாய்க்கால் மணலில் நல்ல சீலைகளையே வெட்டி மண்மூட்டை தைத்தார்கள் எங்கள் பெண்கள். அத்தனையும் போன பிறகு மிஞ்சிய ஒரு சீலைத்துண்டு ஒரு போர்வைக்குள் இருக்குமானால், அதை அடித்துத் தோய்க்க மனம் வருமா?

முதலில் தண்ணீரைப் பார்ப்போம். வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் பல கிணறுகளின் நீர் கடினமானது. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே கல்சியம்தான் சவர்க்காரத்தோடு சேர்ந்து பசைபோலத் துணியில் ஒட்டுகிறது. பிளனலில் இது இன்னும் மோசம். பருத்தித் துணியின் மேற்பரப்பைச் சுரண்டிச் சுரண்டி மயிர் எழுப்பித்தான் பிளனல் செய்கிறார்கள். அந்த மயிருக்குள் காற்றுத் தங்குவதால்தான் சூடு. அங்கே பசை படிந்தால் போர்வை முரடாகும், நிறம் மங்கும். மழைநீர்த் தாங்கி உள்ள வீட்டில் கடைசி அலசலுக்காவது அந்த நீரை எடுங்கள். இல்லையென்றால் ஒரு வாளித் தண்ணீருக்குக் கொஞ்சம் வினாகிரி விட்டு அலசுங்கள், படிந்தது ஓரளவு கரையும். குளத்திலோ வாய்க்காலிலோ தோய்க்கப் போகிறவர்கள் நீரை அள்ளி வந்து கரைக்கு அப்பால் தோய்க்க வேண்டும். அந்த நீரைக் குடிக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

அடுத்தது சவர்க்காரம். 1990இல் வடக்கின் மீது பொருளாதாரத் தடை வந்த பிறகு சவர்க்காரம் கண்ணில் காண்பதே அரிதாயிற்று. அப்போது பனங்காயைப் பிசைந்து, அந்தக் களியால் உடுப்புத் தோய்த்தோம். நுரைத்தது, அழுக்கும் போனது. பனங்களியின் கைப்புக்குக் காரணமான சத்து சபோனின் வகையைச் சேர்ந்தது. நுரை வருவதும் அதனால்தான். ஆனால் சரியாக அலசாத உடுப்பில் பனங்காய் மணம் நிற்கும். கொடியில் கிடப்பதை மாடு வந்து சப்பும். பனங்களியோ சவர்க்காரமோ, போட்டதை முழுக்க எடுத்தால்தான் தோய்த்ததாகும். இன்று தூள் தாராளமாகக் கிடைக்கிறது என்று அள்ளிக் கொட்டாதீர்கள். கொஞ்சமாகப் போட்டு, நுரை போகும்வரை அலசுங்கள்.

தோய்க்கும் முறை இதுதான். போர்வையை முதலில் வெளியில் நன்றாக உதறுங்கள். தையல் ஓரங்களை மேலே விட்டு, கத்திரியால் சின்னச் சின்ன வெட்டுக் கொடுத்துத் தைத்திருந்தால், தோய்க்கத் தோய்க்க நூல் பிரிந்து ஓரங்கள் பொங்கி வரும், அழகே அதுதான். ஆனால் முதல் சில தோய்ப்புகளில் நூல்தூசி நிறைய வரும், மெசினில் போட்டால் வடியை அடைக்கும். அதனால் பெரிய பேசினில் பச்சைத் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவிட்டு, காலால் மெதுவாக மிதியுங்கள். கல்லில் அடிக்க வேண்டாம், முறுக்கிப் பிழியவும் வேண்டாம். சுடுதண்ணீர் கூடவே கூடாது. பருத்தி சுருங்கும், பொலியெஸ்டர் சுருங்காது. இரண்டும் கலந்த போர்வை கோணிப்போகும். புதிதாகத் தைக்கிறவர்கள் துணியை வெட்டுவதற்கு முன்பே ஒருதரம் தோய்த்துக் காயவிட்டால் இந்தக் கரைச்சல் இல்லை.

காயப்போடுவதில்தான் பலர் பிழை விடுகிறார்கள். ஈரப் போர்வை கனமானது. ஒற்றைக் கொடியில் தொங்கவிட்டால் தையல் இழுபடும். இரண்டு கொடிகளைப் பக்கத்தில் பக்கத்தில் கட்டி, அவற்றின் மேல் பரப்பி விடுங்கள். நிறம் வெளிறாமல் இருக்க உட்புறம் வெயிலைப் பார்க்கட்டும். காலை எட்டு மணிக்குள் விரித்து, பின்னேரம் வெயில் தணிந்ததும் ஒருதரம் புரட்டிப் போடுங்கள். எடுக்கும் முன் நடுத்தையலை விரலால் அழுத்திப் பாருங்கள். மேலே சுட்டாலும், நாலு துண்டு சேரும் அந்த மூலை குளிர்ந்திருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. அப்படியே மடித்தால் பூஞ்சணம் பிடிக்கும். முழுதும் காயவில்லையென்றால் மைம்மலுக்கு முன் உள்ளே எடுத்து, மறுநாள் திரும்ப விரியுங்கள்.

இதற்கு ஏற்ற காலம் பங்குனி. மழை குறைவு, வெயில் நல்ல சுள்ளென்று இருக்கும். வைகாசி பிறந்து சோளகக் காற்று எழும்பினால் செம்மண் புழுதி ஈரத்துணியில் அப்பிவிடும். ஐப்பசி பிறந்தால் மாரி.

அதனால் நேயர்களே, இந்தக் கிழமை உங்கள் வீட்டுப் போர்வையை வெளியில் எடுங்கள். இற்றுப்போன துண்டு இருந்தால், எறியாமல் அந்தச் சதுரத்தை மட்டும் பிரித்து வேறு துணி வைத்துத் தையுங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் இருத்தி, எந்தத் துண்டு யாருடைய உடுப்பு என்று சொல்லிக் கொடுங்கள்.