பந்தயக் கார்: ஸ்பேனர் யார் கையில் இருக்க வேண்டும்?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரை)



சிம்பாங் அம்பாட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில் பால்மரம் வெட்டிய பெரியவர்கள் தங்கள் கத்தியைத் தாங்களே தீட்டிக்கொள்வார்கள். கத்தி மழுங்கினாலும் கை அழுத்தினாலும் பட்டையோடு மரமும் காயப்படும். காயம்பட்ட இடத்தில் புதுப் பட்டை சரியாக வளராது. ஏச்சு வாங்குவது வெட்டியவர்தான். அதனால் அந்தக் கத்தியை வேறு ஒருவரிடம் அவர்கள் விட்டதில்லை. ஆனால் தோட்டத்து ஆலையில் எஞ்சின் நின்றுவிட்டால் அதே பெரியவர் அதில் கைவைக்க மாட்டார். அதற்கு வேறு ஆள் உண்டு என்பது அவருக்குத் தெரியும்.

இன்றைய தலைப்புக்கு விடை அந்தப் பழக்கத்திலேயே இருக்கிறது. பந்தயக் காரைச் சொந்தமாகப் பராமரிப்பதா, காசு கொடுத்து நிபுணரிடம் விடுவதா? ஒரு தரப்பு, "தன் கையே தனக்கு உதவி" என்கிறது. மறு தரப்பு, "ஆழம் தெரியாமல் காலை விடாதே" என்கிறது. இரண்டும் நல்ல பழமொழிகள். எது எங்கே பொருந்தும் என்பதுதான் கேள்வி.

கோவை காட்டிய வழி

சிம்பாங் அம்பாட்டில் ஓர் இளைஞர் பழைய புரோட்டோன் சத்ரியா ஒன்றை வாங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நெடுஞ்சாலையில் ஏறி, சிரம்பானைத் தாண்டி, செப்பாங் ஓடுதளத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. மாதச் சம்பளக்காரர். கார் வாங்கியதிலேயே சேமிப்பு கரைந்துவிட்டது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னும் பின்னும் போர்மேனுக்குக் கூலி கொடுப்பதென்றால், இரண்டாவது ஓட்டத்தோடு காரை விற்க வேண்டியதுதான்.

இந்தச் சிக்கலை 1980களிலேயே யோசித்த ஒரு தமிழர் இருந்தார். அவர் கோயம்புத்தூர் கரிவரதன். ஆலை அதிபர் குடும்பத்தில் பிறந்தவர். வெளிநாட்டுப் பந்தயக் கார்களை வாங்கி ஓட்டுவது அவருக்கு முடியாத காரியமல்ல. ஆனால் நடுத்தரக் குடும்பத்துப் பையன் எதை ஓட்டுவான் என்று அவர் யோசித்தார். 1988ல் மாருதி 800 காரின் 796 சிசி எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் ஒன்றைக் கோவையில் உருவாக்கினார். 'பார்முலா மாருதி' என்று அது பெயர் பெற்றது.

இதில் கவனிக்க வேண்டியது வேகத்தை அல்ல. அந்த எஞ்சின் இந்தியத் தெருக்களில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. உதிரிப் பொருள் சாதாரணக் கடையிலேயே கிடைக்கும். அதைக் கழற்றி மாட்டத் தெரிந்த மெக்கானிக்குகள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். பழுதுபார்க்க முடிகிற காராகப் பார்த்துத் தேர்ந்தெடுத்ததுதான் அவருடைய கெட்டிக்காரத்தனம்.

கோவை இளைஞர் நரேன் கார்த்திகேயன் தொடக்கத்தில் ஓட்டியதும் இந்த பார்முலா மாருதியைத்தான். 2005ல் அவர் ஜோர்டான் அணிக்காகப் பார்முலா ஒன் பந்தயத்தில் இறங்கினார். அவ்வாண்டு செப்பாங் பந்தயத்தில் 11வது இடத்தில் முடித்தார். இந்தியாவின் முதல் பார்முலா ஒன் ஓட்டுநர் அவர். கரிவரதன் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. 1995ல் சிறு விமான விபத்தில் அவர் காலமாகிவிட்டார்.

ஆகவே சத்ரியா வாங்கிய இளைஞர் தவறு செய்யவில்லை. உதிரிப் பொருள் கிடைக்கிற, அக்கம்பக்கத்துப் போர்மேனுக்குத் தெரிந்த காரைத்தான் வாங்கியிருக்கிறார். பாதி வேலை அங்கேயே முடிந்துவிட்டது.

சொந்தக் கை செய்ய வேண்டியவை

மீதிப் பாதியில் எதை அவரே செய்யலாம்? எஞ்சின் எண்ணெய் மாற்றுவது, பிளக் பார்ப்பது, பிரேக் பேட் தேய்மானத்தை அளப்பது, டயர் காற்று, பெல்ட், ரப்பர் குழாய்கள், கசிவு, தளர்ந்த திருகுகள் ஆகிய எல்லாம் அவருடைய வேலை. இவை கடினமானவை அல்ல. திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியவை. கூலியில் பெரும் பங்கு இவற்றுக்கே போகிறது.

காசு மட்டும் காரணமல்ல. தன் கையால் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தவருக்குத்தான், போன வாரம் இல்லாத ஆட்டம் இந்த வாரம் வந்திருப்பது தெரியும். ஓடும்போது கேட்கும் புதுச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று ஊகிக்க முடியும்.

ராலி பந்தயத்தில் இதற்கென்று விதியே இருக்கிறது. குறிப்பிட்ட பராமரிப்பு இடத்தில் மட்டும்தான் அணியின் மெக்கானிக்குகள் காரைத் தொடலாம். அதைத் தாண்டிக் காட்டுப் பாதையில் கார் படுத்துவிட்டால், ஓட்டுநரும் வழிகாட்டியும் மட்டுமே, காரில் இருக்கும் கருவிகளைக் கொண்டு சரிசெய்ய வேண்டும். மலேசியாவின் கரம்ஜிட் சிங் 2002ல் புரோட்டோன் பெர்ட் காரில் தயாரிப்புக் கார்களுக்கான உலக ராலி வாகையர் பட்டத்தை வென்றார். அவருக்கு வழிகாட்டியாக அமர்ந்தவர் ஆலன் ஓ. அந்தப் போட்டிகளில் ஸ்பேனர் பிடிக்கத் தெரியாத ஓட்டுநர் பாதி வழியிலேயே நின்றுவிடுவார்.

ஒரு சிறு விஷயத்தை மட்டும் விரிவாகப் பார்ப்பது நல்லது. அது பிரேக் எண்ணெய். இந்த எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 4 வகை எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் அந்த வரம்பு 155 பாகை வரை இறங்கிவிடும். மலேசியாவின் ஈரக் காற்றைச் சொல்ல வேண்டியதில்லை. செப்பாங் ஓடுதளம் 5.543 கிலோ மீட்டர். இரண்டு நீண்ட நேர்ப்பாதைகள் உண்டு. இரண்டின் முடிவிலும் பலமாகப் பிரேக் பிடிக்க வேண்டும். எண்ணெய் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழ்கள் உண்டாகும். அப்போது பெடலை மிதித்தால் கால் தரையைத் தொடும், கார் நிற்காது.

இத்தனைக்கும் தீர்வு ஒரு புட்டி புது எண்ணெயும் ஒரு மணி நேர வேலையும்தான். ஆனால் முதல் தடவை, தெரிந்தவர் பக்கத்தில் நின்று பார்க்கும்போது செய்ய வேண்டும். குழாயில் காற்று தங்கிவிட்டால் பழைய எண்ணெயே மேல் என்றாகிவிடும்.

காசு கொடுத்தே ஆக வேண்டியவை

இனி மறு பக்கம். மூன்று வேலைகளில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

முதலாவது, உயிர் காக்கும் பொருள்கள். கார் உருண்டால் ஓட்டுநரைக் காக்கும் இரும்புக் கூண்டை வீட்டுப் பின்புறத்தில் பற்றவைக்கக் கூடாது. மேலே பார்க்க அழகாக இருக்கும் பற்று, உள்ளே பிடிக்காமலே இருக்கலாம். அது தெரியவருவது கார் உருளும்போதுதான். எப்.ஐ.ஏ. தரமுத்திரை பெற்ற இருக்கைப் பட்டைக்கு 5 ஆண்டு வாழ்நாள் குறிக்கப்பட்டிருக்கும். நாள் கடந்ததை மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கி மாட்டுவது சேமிப்பு ஆகாது.

இரண்டாவது, அளக்கும் கருவி இல்லாமல் செய்ய முடியாத வேலைகள். சக்கரக் கோணம், கியர் பாக்ஸின் உள்வேலை, எஞ்சின் கணினியில் எரிபொருள் அளவை மாற்றுவது ஆகியவை இதில் அடங்கும். காதால் கேட்டு எரிபொருளைக் குறைத்தால் பிஸ்டன் உருகும்.

மூன்றாவது, சரியாகச் செய்தோமா என்று செய்தவராலேயே சோதிக்க முடியாத எந்த வேலையும். ஸ்டியரிங் தண்டை வெட்டி மாற்றுவது இதற்கு உதாரணம். கழன்றால் அடிபடுவது ஓட்டுநர் மட்டுமல்ல. பக்கத்தில் ஓடுபவரும், தடுப்புக்குப் பின்னால் நிற்பவரும்தான்.

நிபுணரும் மனிதரே

அப்படியானால் காசைக் கொடுத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொள்ளலாமா? அதுவும் கூடாது.

1991ல் போர்ச்சுகல் பார்முலா ஒன் பந்தயத்தில் நைஜல் மான்செல் முன்னணியில் இருந்தார். டயர் மாற்ற உள்ளே வந்தார். உலகின் தேர்ந்த மெக்கானிக்குகள் சுற்றி நின்றார்கள். பின்சக்கரம் ஒன்றின் திருகு சரியாக இறுகவில்லை. கார் புறப்பட்டதும் சக்கரம் தனியே உருண்டோடியது. வண்டி நின்ற இடத்திலேயே சக்கரத்தை மாட்டியதற்காக அவர் தகுதியும் இழந்தார்.

1994 மே 1ல் இத்தாலியின் இமோலாவில் அயர்டன் சென்னா மாண்டார். அவருடைய காரின் ஸ்டியரிங் தண்டு, இருக்கையில் இடம் போதவில்லை என்பதற்காக வெட்டி மாற்றப்பட்டிருந்தது. வழக்கு பல ஆண்டுகள் நடந்தது. அந்த மாற்றம் சரியாகச் செய்யப்படவில்லை என்று 2007ல் இத்தாலியின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. தண்டு உடைந்ததால்தான் விபத்து என்பதை அணி ஏற்கவில்லை. எப்படியிருந்தாலும், பெரிய அணி, பெரிய சம்பளம் என்பதே ஒரு வேலைக்கு உத்தரவாதம் ஆகாது.

செய்த வேலையை இரண்டாவது ஜோடிக் கண்கள் பார்க்க வேண்டும். அந்த இளைஞர் செய்ததைப் போர்மேன் பார்க்கட்டும். போர்மேன் செய்ததை இளைஞர் பார்க்கட்டும். தோட்டத்தில் காலைப் பெரட்டில் கிராணியார் பெயர் வாசித்துச் செக்ரோலில் குறித்ததைப் போல, காருக்கும் ஒரு பெரட்டு வேண்டும். ஒவ்வொரு திருகையும் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்கி, பெயிண்டால் கோடு போட்டு, நோட்டுப் புத்தகத்தில் எழுத வேண்டும். கோடு விலகியிருந்தால் திருகு நகர்ந்துவிட்டது என்று பொருள். டார்க் ரெஞ்சையும் ஆண்டுக்கு ஒருமுறை சோதிக்கக் கொடுக்க வேண்டும். இன்னொன்று, ஜேக்கை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் ஒருபோதும் படுக்கக் கூடாது. தாங்கிகளை வைத்த பிறகே தலையை உள்ளே விட வேண்டும்.

ஜாக் பிராபம் 1966ல் தன் பெயர் தாங்கிய காரிலேயே உலக வாகையர் ஆனார். அந்தச் சாதனையை வேறு எவரும் செய்ததில்லை. ஆஸ்திரேலிய விமானப்படையில் மெக்கானிக்காக இருந்தவர் அவர். ஸ்பேனர் அவருக்கு ஆறாம் விரல். அப்படிப்பட்டவரே காரை வடிவமைக்க ரான் டாரனாக்கையும், எஞ்சினுக்கு ரெப்கோ நிறுவனத்தையும் வைத்துக்கொண்டார். எது தன் வேலை, எது அவர்கள் வேலை என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

பெற்றோருக்கு ஒரு சொல்

இதைக் கேட்கும் பெற்றோர், "இதெல்லாம் பணக்காரப் பிள்ளைகளுக்கு" என்று நினைக்கலாம். ஆனால் தாமானில், தோட்டத்தில், இரவில் மோட்டார் சைக்கிளைக் கழற்றி, எஞ்சினை மட்டும் ஏற்றி, பிரேக்கை அப்படியே விட்டுவிட்டுப் பொதுச் சாலையில் பந்தயம் போகும் பிள்ளைகள் பணக்காரர்கள் அல்லர். அவர்களுக்கும் கையில் திறமை இருக்கிறது. அதைச் சோதித்துப் பார்க்க இரண்டாவது ஜோடிக் கண்கள்தான் இல்லை. சாலை, எதிரே வருபவருடைய சாலையும்கூட.

அந்தக் கைகளை அதட்டி மட்டும் பயனில்லை. போர்மேனிடம் வேலை கொடுக்கும்போது, "தம்பியும் பக்கத்தில் நின்று பார்க்கட்டும், அண்ணே" என்று கேட்கலாம். மலேசியத் தொழில்திறன் சான்றிதழான எஸ்.கே.எம். வாகனத் துறையிலும் வழங்கப்படுகிறது. அலோர் காஜா மாவட்டத்தில், தாபோ நானிங்கிலேயே அட்டெக் தொழில்நுட்பப் பயிற்சி மையம் இருக்கிறது. எந்தப் பிரிவில் இடம் உண்டு என்று ஒரு நாள் நேரில் போய் விசாரித்து வரலாம். இன்று கூலி கொடுத்துக் கற்றுக்கொள்ளும் பையன், நாளை கூலி வாங்கும் நிபுணராக வரலாம்.

ஆகவே தீர்ப்பு இதுதான். வாரா வாரம் செய்யும் வேலை சொந்தக் கையில் இருக்கட்டும். கூண்டும் ஸ்டியரிங்கும் கியர் பாக்ஸும் நிபுணரிடம் போகட்டும். யார் செய்தாலும் இன்னொருவர் பார்த்து, நோட்டுப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்ட பிறகே கார் ஓடுதளத்தில் இறங்கட்டும்.