மலையுச்சியிலும் சூரைச்செடியின் கீழும்

(நூற்றாண்டு நிறைவு நன்றி ஆராதனையில் ஆற்றப்பட்ட உரை)



நமது சங்கத்துக்கு நூறு வயது நிறைகிறது. இந்த மண்டபத்தில் நாம் பரிசளிப்பு விழாக்களுக்குக் கூடியிருக்கிறோம். நினைவுக் கூட்டங்களுக்கும் கூடியிருக்கிறோம். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, கொட்டும் மழையில் யாழ்ப்பாணத்துச் சனம் நாவற்குழிப் பக்கம் நடந்தபோது, நம்மில் பலர் பிள்ளையை இடுப்பிலும் பெட்டியைத் தலையிலும் சுமந்து அந்தச் சனத்துக்குள் இருந்தோம். 2004இல் நத்தாருக்கு மறுநாள் கடல் வந்தது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்தெழுந்த ஞாயிறு. அன்று காலையிலேயே மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் பிள்ளைகளையும் பறிகொடுத்தோம். திருச்சபையின் மிகப் பெரிய மகிழ்ச்சி நாளே அழுகை நாளாயிற்று.

ஆகவே, மனம் உயரும்போதும் தாழும்போதும் விசுவாசம் நமக்கு எப்படி உதவுகிறது என்று கேட்பது நமக்கு வெறும் பிரசங்கப் பொருள் அல்ல. சைவ வீடுகளிலிருந்து வந்து நம்மோடு காலை வணக்கத்தில் நின்ற தோழியரும் இங்கே இருக்கிறீர்கள். துக்கத்துக்குச் சமய வேறுபாடு இல்லை. நீங்களும் சேர்ந்து கேட்க வேண்டும்.

திருமறையில் எலியாவின் கதையை எடுத்துக்கொள்வோம். கர்மேல் மலையிலே அவருக்குப் பெரிய வெற்றி. வானத்திலிருந்து அக்கினி இறங்கியது. வருஷக்கணக்காகப் பெய்யாத மழையும் பெய்தது. ஆனால் அடுத்த அதிகாரத்தைத் திறந்தால், அதே எலியா அரசியின் மிரட்டலுக்குப் பயந்து வனாந்தரத்துக்கு ஓடி, ஒரு சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, தன் உயிரை எடுத்துக்கொள்ளும்படி ஆண்டவரிடம் கேட்கிறார். மலையுச்சிக்கும் சூரைச்செடிக்கும் இடையில் சில நாட்கள்தான். பெரிய மகிழ்ச்சிக்குப் பின்னாலேயே பெரிய சோர்வு வரலாம் என்பதைக் கலியாண வீடு முடிந்து பந்தல் பிரித்த அடுத்த நாள் தனியே இருந்த தாய்மார் அறிவார்கள். பிள்ளை பெற்ற வீட்டில் காரணம் சொல்லத் தெரியாமல் அழுத இளம் தாயும் அறிவாள்.

அந்த எலியாவுக்கு ஆண்டவர் என்ன செய்தார்? முதலில் தூங்கவிட்டார். பிறகு தூதன் தொட்டு எழுப்பித் தணலில் சுட்ட அப்பமும் தண்ணீரும் கொடுத்தான். தின்று மறுபடியும் தூங்கினார். மறுபடியும் எழுப்பிச் சாப்பாடு கொடுக்கப்பட்டது. அந்த இடத்தில் ஒரு கண்டிப்புக்கூட இல்லை. பிறகு 40 நாள் நடை. ஓரேப் மலையிலே பெருங்காற்றுக்கும் பூமியதிர்ச்சிக்கும் அக்கினிக்கும் பின்னர் மெல்லிய ஒரு குரல். தனித்துப்போனேன் என்று முறையிட்டவருக்கு, இன்னும் 7000 பேர் இருக்கிறார்கள் என்று அறிவிக்கப்பட்டது; எலிசா என்ற துணையும் காட்டப்பட்டார்.

நித்திரை, சாப்பாடு, நடை, கேட்கிற காது, ஒரு துணை. ஆண்டவர் தம் தீர்க்கதரிசியை இப்படித்தான் தூக்கிவிட்டார். நம் சபைகளிலோ சோர்ந்துபோனவளைப் பார்த்து, உனக்கு விசுவாசம் காணாது, இன்னும் ஜெபம் பண்ணு என்று சொல்லும் வழக்கம் இருக்கிறது. நித்திரை வராமல் மாதக்கணக்காகத் தவிக்கிறவளை வைத்தியரிடம் கூட்டிப்போவதும் ஜெபத்தின் ஒரு பகுதிதான். தணலில் அப்பம் சுட்டுக் கொடுக்கிற வேலை அது.

அழுவதும் அவிசுவாசம் அல்ல. சங்கீதங்கள் 150இல் பெரும் பகுதி முறைப்பாடுகள். 88ஆம் சங்கீதம் ஆறுதல் எதுவும் சொல்லாமல் இருளிலேயே முடிகிறது. அதையும் முன்னோர் நீக்கிவிடாமல் வைத்திருக்கிறார்கள். லாசருவை எழுப்பப்போகிறோம் என்று அறிந்திருந்த இயேசுவே பெத்தானியாவில் கண்ணீர் விட்டார். காணாமல்போன பிள்ளையின் படத்தை இன்றும் கையில் வைத்திருக்கும் தாயிடம் அழாதே என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. அவளுக்குப் பக்கத்தில் உட்கார நமக்குக் கடமை உண்டு.

மகிழ்ச்சியிலும் விசுவாசம் தேவை. அதை நாம் அதிகம் நினைப்பதில்லை. குஷ்டரோகிகள் பத்துப் பேர் சுகமடைந்தார்கள், நன்றி சொல்லத் திரும்பி வந்தவர் ஒருவர், அவரும் சமாரியர். சோதனைப் பெறுபேறு வந்த நாளிலும், வீசா கிடைத்த நாளிலும், பேரப்பிள்ளையைக் கையில் வாங்கிய நாளிலும் நாம் அந்தப் பத்துப் பேரில் யார்? நல்ல நாளில் நன்றி சொல்லிப் பழகிய நாவுக்கே கெட்ட நாளில் கூப்பிடும் வழி தெரியும்.

அந்தப் பழக்கத்தைத்தான் இந்தப் பாடசாலை நமக்குக் கொடுத்தது. விடுதியில் மணி அடித்ததும் அரைத்தூக்கத்தில் முழந்தாளிட்டோம். அர்த்தம் முழுதும் விளங்காமலே மனனம் செய்தோம். அன்று அது வெறும் ஒழுங்காகத் தெரிந்தது. ஆனால் பங்கருக்குள் விளக்கில்லாமல் இருந்த இரவில் சொந்த வார்த்தை வராதபோது, மனனம் செய்த வார்த்தை வந்தது. ரொறன்ரோவிலும் லண்டனிலும் வேலை முடிந்து இருட்டில் வீடு திரும்பும்போதும் அதுவே வருகிறது. உணர்ச்சி வந்து போகும். உணர்ச்சி இல்லாத நாளிலும் செய்துகொண்டே வந்த ஜெபம் நம்மைத் தாங்கும்.

சகோதரிகளே, இந்த விழாவுக்கு வராதவர்களையும் நினைப்போம். நம் வகுப்பில் படித்த ஒருத்தி சில வருஷமாக எவருடைய அழைப்புக்கும் பதில் தராமல் இருக்கலாம். இந்த வாரம் அவளுக்கு ஒரு அழைப்பு எடுப்போம். ஊரில் இருந்தால் சாப்பாட்டோடு போவோம். புத்தி சொல்லாமல் கேட்டுக்கொண்டிருப்போம். தனித்துப்போனேன் என்று நினைக்கிறவளுக்கு, உன்னோடு இன்னும் பலர் இருக்கிறோம் என்று காட்டுவோம். நம் சங்கம் அடுத்த நூற்றாண்டைத் தொடங்க இதைவிட நல்ல வேலை இல்லை.

மலையுச்சியில் நின்ற நம்மோடும், சூரைச்செடியின் கீழ் படுத்த நம்மோடும் இருந்த ஆண்டவர், இனிமேலும் நம்மோடும் நம் பிள்ளைகளோடும் இருப்பாராக. ஆமேன்.