ஒலியும் ஒலித்த கையும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் இச்சபைக்குச் சற்றுப் புதிதாகத் தோன்றலாம். பல நாட்டு மேளங்களின் முழக்கத்திலிருந்து சிறு துண்டுகளை வெட்டியெடுத்து, அவற்றைத் திரும்பத் திரும்ப ஒலிக்கச் செய்து, அவற்றின்மேல் இக்காலத்துப் பொப் பாடல்களைக் கட்டும் முறையே அப்பொருள். "இது இளைஞரின் விளையாட்டு, இதில் எமக்கென்ன?" என்று பெரியோர்கள் எண்ணலாகாது. "இது நாம் அறிந்ததுதானே" என்று இளைஞர்கள் காதை மூடிக்கொள்ளவும் கூடாது. ஒரு மேளத்தின் ஒலியை விரும்பி ஏற்றுக்கொண்டு, அதை முழக்கிய மனிதனை மறந்துவிடுவது எவ்வளவு எளிது என்பதை இம்முறை காட்டுகின்றது. ஆகையால் இது நம் அனைவருக்கும் உரிய பொருளேயாகும்.

முதலில் இம்முறை தோன்றிய வரலாற்றைச் சிறிது பார்ப்போம். இத்தகைய ஒலித்துண்டை இசைக்காரர் லூப் என்பர். வளையம் என்பது அதன் பொருள். முற்காலத்தில் அது உண்மையிலேயே ஒரு வளையமாக இருந்தது. ஒலிப்பதிவு நாடாவில் வேண்டிய பகுதியை வெட்டி, அதன் இரு முனைகளையும் ஒட்டிச் சுழலவிட்டால், அப்பகுதி ஓயாது ஒலித்துக்கொண்டிருக்கும். 1977ஆம் ஆண்டில் பீ ஜீஸ் குழுவினர் பிரான்சு நாட்டில் "ஸ்ரேயின் அலைவ்" என்னும் பாடலைப் பதிவு செய்தபோது, அவர்களுடைய மேளகாரர் குடும்பத் துயர் காரணமாக ஊர் சென்றிருந்தார். அவர் முன்னர் வேறொரு பாடலுக்கு அடித்த முழக்கத்தில் இரண்டு தாளவட்டங்களை வெட்டி வளையமாக்கி, அதன்மேல் அப்பாடலைக் கட்டி முடித்தனர். வேடிக்கை என்னவெனில், மேளம் அடித்தவர் "பேர்னாட் லூப்" என்று ஒரு பெயரையும் எழுதி வைத்தனர். அப்படி ஒருவர் உலகில் இல்லை!

பின்னர் நாடாவின் இடத்தைக் கருவிகள் பிடித்தன. 1980இல் றோஜர் லின் என்னும் அமெரிக்கர், உண்மையான மேளங்களின் ஒலியையே தன்னுள் அடக்கிய தாள இயந்திரம் ஒன்றை வெளியிட்டார். 1988இல் அவரும் யப்பானிய நிறுவனமான அக்காயும் சேர்ந்து ஆக்கிய எம்.பி.சி. 60 என்ற கருவி, எந்த ஒலியையும் துண்டாக்கி விரலால் தட்டி ஒலிக்கச் செய்யும் வசதியைத் தந்தது. 1998இல் அசிட், 2001இல் ஏபிள்ரன் லைவ் ஆகிய கணினி நிரல்கள் வந்தன. இன்றோ கைத்தொலைபேசியிலேயே வேலை முடிந்துவிடுகின்றது. மேற்காபிரிக்காவின் ஜெம்பே, அரபு நாடுகளின் தர்புக்கா, கியூபாவின் கொங்கா, யப்பானின் தைக்கோ, வட இந்தியாவின் தபலா யாவும் துண்டு துண்டாகப் பொதிசெய்யப்பட்டு விலைக்குக் கிடைக்கின்றன. மளிகைக் கடையில் சரக்குச் சுற்றி வாங்குவதுபோல வாங்கிக்கொள்ளலாம்.

வாங்குவது எளிது, பொருத்துவது அவ்வளவு எளிதன்று. நமது சங்கத்து இளைஞர் சிலரும் வீட்டிலிருந்தபடியே கணினியிற் பாட்டமைத்து வருகின்றனர். அவர்கள் பொருட்டு மூன்று செய்திகளைச் சொல்ல விரும்புகின்றோம்.

முதலாவது காலம். நிமிடத்துக்கு 120 அடி என்ற வேகத்தில் ஓர் அடிக்கு அரை விநாடி. நான்கடி கொண்ட ஒரு தாளவட்டத்துக்கு 2 விநாடி. வெட்டிய துண்டு இரண்டு விநாடிக்கு மேல் ஐம்பதில் ஒரு பங்கு விநாடி நீண்டுவிட்டால், ஒரு சுற்றில் அது காதுக்குப் புலப்படாது. முப்பது சுற்று முடிந்ததும் பிழை பத்தில் ஆறு விநாடியாகி, மேளம் ஓரடிக்கு மேல் பின்தங்கி நிற்கும். பாடுபவர் ஒரு பக்கம், தாளம் ஒரு பக்கம் என்றாகும். ஆகலின் அடி தொடங்கும் இடத்தை நுட்பமாகக் கண்டு வெட்டவேண்டும். ஒலியலை சுழியைக் கடக்கும் புள்ளியில் வெட்டாவிட்டால், ஒட்டிய இடத்தில் "டிக்" என்றொரு சத்தம் ஒவ்வொரு சுற்றிலும் கேட்கும்.

வேகத்தை மாற்றுவதிலும் ஒரு சிக்கலுண்டு. நாடாவை விரைவாக ஓட்டினால் வேகத்தோடு சுருதியும் ஏறும். இரட்டை வேகத்தில் ஒரு தாயி முழுவதும் ஏறிவிடும். 1994இல் சுவீடனிலிருந்து வந்த றீசைக்கிள் என்னும் நிரல் இதற்கு ஒரு வழி கண்டது. முழக்கத்தை அடியடியாக நறுக்கி, அடிகளுக்கிடையேயுள்ள இடைவெளியை மட்டும் கூட்டிக் குறைத்தால் சுருதி மாறாதன்றோ? இவ்வசதியோடு ஓர் அபாயமும் வந்தது. ஒவ்வோர் அடியையும் கணினி காட்டும் கோட்டிலே நேராக நிறுத்திவிடலாம். ஆனால் பிரேசில் நாட்டுச் சம்பாவின் சிற்றடிகள் ஒன்றற்கொன்று சமமானவையல்ல. சில சற்று நீளும், சில சற்றுக் குறுகும். அந்த ஏற்றத்தாழ்விலேதான் ஆட்டம் இருக்கின்றது. அதனை நேர்ப்படுத்தினால் சம்பாவின் ஓசை இருக்கும், சம்பா இராது.

இரண்டாவது சுருதி. மேளத்துக்குச் சுருதி ஏது என்று சிலர் கேட்பர். மிருதங்கத்தின் வலந்தலையிலும் தபலாவிலும் நடுவே அப்பிய கருஞ்சாந்து அவற்றின் ஒலியைச் சுரமாக்குகின்றது என்பதைச் சி. வி. இராமன் 1920ஆம் ஆண்டிலேயே ஆராய்ந்து வெளியிட்டார். எனவே ஒரு சுருதிக்குக் கூட்டிய தபலாவின் துண்டை வேறு சுருதியிலுள்ள பாட்டின்கீழ் வைத்தால் இரண்டும் முரணும். கேட்பவர்க்குக் காரணம் புரியாவிட்டாலும் உறுத்தல் புரியும்.

மூன்றாவது இடம். ஜெம்பே நன்றாயிருக்கின்றது, தைக்கோவும் நன்றாயிருக்கின்றது என்று நாலைந்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவோர் உளர். தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று நெருக்கிக் கலங்கிப்போகும். பாடலுக்கு ஒரு பெருமேளமே அடித்தளமாதல் வேண்டும். ஏனையவற்றின் தாழ்ந்த பகுதியைக் குறைத்துவிடவேண்டும். குரல் வரும் இடத்தில் மேளம் ஒதுங்கி நிற்கவேண்டும். நான்கு சுற்றுக்கோ எட்டுச் சுற்றுக்கோ ஒருமுறை ஓரடியை நீக்கியோ சேர்த்தோ மாற்றம் செய்தல் வேண்டும். நல்ல தவில்காரர் நாதசுரத்துக்கு இடம்விட்டு வாசிப்பதைக் கேட்டு வளர்ந்த நமக்கு இதனை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

இம்மூன்றையும் எவரும் பழகிக்கொள்ளலாம். பழகியபின்னும் எஞ்சி நிற்கும் குறை ஒன்றுண்டு. அதனை ஓர் உண்மை வரலாற்றால் விளக்குவோம்.

நடு ஆபிரிக்காவில் புருண்டி என்றொரு சிறு நாடு உண்டு. அந்நாட்டு மொழியில் "இங்கோமா" என்ற சொல் மேளத்தையும் குறிக்கும், அரசையும் குறிக்கும். அங்கே ஒரு டசின் அளவான பெருமேளங்களை அரைவட்டமாக நிறுத்தி, நடுவிலே ஒன்றை வைப்பர். சில மேளங்கள் மாறாத ஓட்டத்தை முழக்கும். மற்றவை நடுமேளத்தின் சொற்படி நடக்கும். நடுமேளகாரர் மாற்றினால் அவையும் மாறும். அவர் ஆடினால் முழக்கமும் ஆடும். 2014இல் யுனெஸ்கோ இக்கலையை மானிட குலத்தின் மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது.

1960களின் பிற்பகுதியில் பிரெஞ்சு ஆய்வாளர் இம்முழக்கத்தை ஒலிப்பதிவு செய்து இசைத்தட்டாக வெளியிட்டனர். 1971இல் பிரான்சிலே ஓர் இசைக்காரர் அப்பதிவின்மேல் பியானோவும் கித்தாரும் சேர்த்து "புருண்டி பிளாக்" என்று வெளியிட்டார். 1975இல் கனடாவில் பிறந்த பாடகி ஜோனி மிச்செல் அம்முழக்கத்தை வளையமாக்கி, "த ஜங்கிள் லைன்" என்னும் பாடலை அதன்மேற் பாடினார். 1980ஆம் ஆண்டையொட்டி இங்கிலாந்தில் அடம் அன்ட் த அன்ற்ஸ் முதலிய குழுக்கள் அந்தத் தாளத்தைத் தம் மேளங்களில் அடித்துப் பெரும் புகழ் ஈட்டின.

ஜோனி மிச்செலின் பாடல் துணிவான பாடல். அதனைக் குறைகூற நாம் வரவில்லை. ஆனால் வளையமானபோது அம்முழக்கத்துக்கு நேர்ந்ததை எண்ணிப் பாருங்கள். நடுமேளகாரர் இப்போது எதையும் மாற்ற முடியாது. மற்றவர் அவரைக் கவனிக்க வேண்டியதுமில்லை. பாடுபவர் மேளத்தைக் கேட்கலாம். மேளம் பாடுபவரைக் கேளாது. வளையத்துக்கு வாயுண்டு, காதில்லை. மேளகாரரின் பெயர்கள்தாம் என்ன? அப்பாடல்களைக் கேட்டு மகிழ்ந்தவர்களுள் எத்தனை பேர் அவற்றை அறிவர்?

பெயர் தெரிந்தவிடத்தும் நன்மை கிட்டிற்றா என்றால் அதுவும் ஐயமே. 1969இல் அமெரிக்காவில் வின்ஸ்ரன்ஸ் என்னும் குழு "ஏமென் பிறதர்" என்றொரு இசைத்தட்டுப் பதிவு செய்தது. அதன் நடுவே மற்றையோர் நிற்க, கிறெகரி கோல்மன் என்ற மேளகாரர் நான்கு தாளவட்டம் தனியே வாசித்தார். ஏறக்குறைய ஏழு விநாடிதான். உலகில் மிக அதிகமாக வெட்டியெடுக்கப்பட்ட முழக்கங்களுள் அது முன்னிற்கின்றது. ஆயிரக்கணக்கான பாடல்கள் அதன்மேல் எழுந்தன. இங்கிலாந்தின் ஜங்கிள் என்ற இசைவகையே அதனைத் தூணாகக் கொண்டது. கோல்மனுக்கு அவற்றாற் கிடைத்த பங்கு ஒன்றுமில்லை. அவர் 2006இல் வறுமையில் இறந்தார். 2015இல் இங்கிலாந்து இசையன்பர்கள் மனம் பொறாது பொதுமக்களிடம் நிதி திரட்டி, 24,000 பவுணைக் குழுத்தலைவர் றிச்சார்ட் ஸ்பென்சருக்கு அளித்தனர். நல்ல செயலே; எனினும் மேளம் அடித்த கை அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே ஓய்ந்துவிட்டது. இல்லாத பேர்னாட் லூப்புக்குப் பெயர் சூட்டிய உலகம், இருந்த கோல்மனைப் பட்டினி போட்டது.

மிசன் பாடசாலையிற் பயின்ற எமக்கு இன்னொரு செய்தியும் நினைவுக்கு வருகின்றது. 1991இல் நியூயோர்க் நீதிமன்றம் ஒன்றில், அனுமதியின்றிப் பிறர் பதிவை வெட்டியெடுத்த வழக்கொன்று வந்தது. நீதிபதி, மோசேயின் கற்பனைகளுள் களவை விலக்குவதை முதல் வரியிலேயே காட்டித் தமது தீர்ப்பைத் தொடங்கினார். அதன்பின் பெரிய நிறுவனங்கள் அனுமதி பெறுவதில் விழிப்பாயின. ஆனால் அனுமதிப் பணம் பெரும்பாலும் பதிவுக்கு உரிமை பெற்றவரைச் சேருமேயன்றி, கூலிக்கு வாசித்த மேளகாரரைச் சேர்வதில்லை. சட்டம் களவைத் தடுக்கலாம். நன்றியைப் புகட்ட அதனால் இயலாது.

வேறு வழியில்லையோ எனின், உண்டு. போல் சைமன் என்னும் அமெரிக்கப் பாடகர் 1990இல் வெளியிட்ட இசைத்தட்டுக்காகப் பிரேசில் நாட்டுச் சல்வடோர் நகருக்கே சென்றார். அங்கே ஒலோடும் என்ற மேளக்குழுவினரின் முழக்கத்தை அவர்களுடைய தெருவிலேயே பதிவு செய்து, அதன்மேற் பாட்டமைத்தார். குழுவின் பெயர் உலகெங்கும் பரவிற்று. நம்மவரிடமும் ஓர் உதாரணம் உண்டு. இளமையிற் சில காலம் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்த மாதங்கி அருட்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரோடு 2007இல் வெளியிட்ட "காலா" என்னும் இசைத்தட்டுக்காகச் சென்னைக்குச் சென்று உறுமி மேளகாரரைக் கொண்டு ஒலிப்பதிவு செய்தார். ஆயத்தப் பொதியிலுள்ள துண்டோடு அவர் அமையவில்லை. கையுள்ள இடத்தைத் தேடிப் போனார்.

பெரியோர்களே, இங்கே ஒரு வார்த்தை சொல்ல உத்தரவு வேண்டுகின்றோம். ஒலியை ஏற்று ஆளை விலக்கும் முறையைக் கணினி வந்தா நமக்குக் கற்பிக்க வேண்டும்? நமது ஊர்களிலே பறையின் ஒலி சாவீட்டுக்கு வேண்டியிருந்தது; அதை முழக்கியவர் படலைக்கு வெளியே நின்றார். ஒலி வேலி கடந்து முற்றத்துக்கு வரலாம், ஒலித்தவர் வரலாகாது என்றிருந்தோம். அது முற்றாக ஒழிந்துவிட்டது என்று நம்மில் எவரேனும் நெஞ்சறியச் சொல்ல முடியுமா? இன்று பறையின் துடிப்பைப் பாட்டிற் சேர்ப்பது நாகரிகமாகிவிட்டது. அத்துடிப்பைப் பொதியிலிருந்து எடுத்துக்கொண்டு, அடுத்த ஊரிலே அதனை வாழ்நாளெல்லாம் பயின்ற முதியவரிடம் ஒரு நாளும் போகாதிருந்தால், பழைய வேலியைப் புதிய கம்பியாற் கட்டியவர்களாவோம்.

ஆகவே பாட்டமைக்கும் நண்பர்களிடம் நாம் வேண்டுவது சிலவே. ஒரு மேளத்தின் துண்டை எடுக்குமுன் அம்மேளத்தின் பெயரையும், அது எந்நாட்டில் எத்தருணத்தில் முழங்குவது என்பதையும் அறியுங்கள். துண்டை மட்டுமன்றி முழு முழக்கத்தையும் ஒருமுறையேனும் கேளுங்கள். வாசித்தவர் பெயர் தெரியுமாயின் பாட்டோடு எழுதுங்கள். கையெட்டும் தூரத்தில் மேளகாரர் இருந்தால் அவரை அழையுங்கள். சமமாக இருத்தித் தேநீர் கொடுங்கள். பேசிய ஊதியத்தை அன்றே கொடுங்கள். பின்பு அவர் வாசிப்பிலிருந்து வளையம் செய்வதாயின் அவரைக் கேட்டுச் செய்யுங்கள். அவ்வளையம் எத்தனை முறை சுழன்றாலும் அதில் ஒரு மனிதரின் மதிப்பும் உடன் சுழலும்.

நமது சங்கத்தின் அடுத்த கலைவிழாவில் இளைஞரின் கணினியும் முதியவரின் மேளமும் ஒரே மேடையில் அமைய வேண்டும் என்பது எமது விருப்பம். அதற்குப் பெரியோர்கள் ஆதரவு நல்குவார்களாக.