கல்லில் வாழும் உயிர்கள்

(மயிலாடியில் நிகழ்ந்த நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)

   

 இலக்கணம் கற்பிப்பதையே பிழைப்பாகக் கொண்ட எம்மைச் சிற்பிகள் நடுவே சிற்பத்தைப் பற்றிப் பேசுமாறு பணித்துள்ளீர்கள். கொல்லர் தெருவில் ஊசி விற்கப் புகுந்தவனது நிலையில் யாம் இருக்கின்றோம். ஆயினும் எம் தந்தையார் கற்றச்சர், பாட்டனாரும் கற்றச்சரே. உளியோசை கேட்டு உறங்கி, உளியோசை கேட்டு விழித்து வளர்ந்தோம். அவ்வுரிமை ஒன்றுபற்றியே ஈண்டு நிற்கத் துணிந்தோம்.

யாம் எடுத்துக்கொண்ட பொருள், சிற்பத்தில் விலங்கும் பறவையும் பெறும் இடம் என்பதாகும். மயில் ஆடிய இடமாதலின் மயிலாடி ஆயிற்றென்று நம்மவர் சொல்வதுண்டு. ஊர்ப்பெயரிலேயே ஒரு பறவையைச் சுமந்து நிற்கும் நமக்கு இப்பொருள் அயலானதன்று.

விலங்கைச் சிற்பி இருவகையாகக் கையாளுகின்றான். அவ்வுயிரை அவ்வுயிராகவே காட்டுதல் ஒன்று. அவ்வுயிரைக் கொண்டு வேறொரு கருத்தைக் குறித்தல் மற்றொன்று. முன்னதற்குச் சான்று வேண்டின், திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர் நடுகல்லைக் காண்க. மகேந்திரவர்ம பல்லவனது 34-ஆம் ஆட்சியாண்டில் எடுக்கப்பட்ட அக்கல்லில், ஆநிரைப் பூசலில் பட்ட வீரனோடு அவனுடைய நாயும் நிற்கின்றது. அதன் பெயர் கோவிவன் என்பதும், அது கள்வர் இருவரைக் கடித்தது என்பதும் எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. விழுப்புரம் பக்கத்து அரசலாபுரத்தில், சண்டையிட்ட கோழி ஒன்றிற்கே நடுகல் உண்டு. அந்நாயும் அக்கோழியும் எத்தெய்வத்தின் ஊர்தியும் அல்ல; தம் செயலால் கல்லில் இடம் பெற்ற உயிர்கள்.

பின்னதற்குச் சான்று, தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலில் உள்ளது. யானையின் உடலும் எருதின் உடலும் எதிர் நின்று ஒரே தலையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒருடலைக் கையால் மறைத்தால் யானை. மற்றதை மறைத்தால் எருது. இரு வேறு உயிர்கள் ஒன்றனுள் ஒன்றாய் நிற்றலை ஒரு சாண் கல்லில் உரைத்துவிட்டான் சிற்பி.

இவ்விரு வகையும் ஒரே பாறையில் கூடியிருப்பதை மாமல்லபுரத்தில் காணலாம். 7-ஆம் நூற்றாண்டிற் செதுக்கிய அப்பெரும்பாறையில் யானைகள் உண்மை யானையின் அளவில் நிற்கின்றன. அவற்றின் காலடியில் கன்றுகள் ஒண்டியிருக்கின்றன. ஒரு மான் பின்னங்காலால் தன் மூக்கைச் சொறிகின்றது. அவற்றின் அருகிலேயே ஒரு பூனை இருகால் ஊன்றிக் கைகளை உயர்த்தித் தவம் புரிய, எலிகள் அதனைச் சூழ்ந்துள்ளன. யானை யானையேயாம், பூனையோ போலித் துறவைச் சுட்டுவது. ஆயினும் அப்பூனையும் பூனையாகவே இருத்தலால் அன்றோ நமக்கு நகை தோன்றுகின்றது? உருவம் பொய்த்தால் குறிப்பும் பொய்த்துவிடும். இதுவே யாம் இன்று வற்புறுத்த விரும்பும் கருத்து.

நம் நாஞ்சில் நாட்டிற்கு வருவோம். சுசீந்திரத்தில் ஏறத்தாழ 18 அடி உயர்ந்து நிற்கும் அனுமனையும், சுண்ணாம்புச் சாந்தினால் ஆகிய மாக்காளையையும் சிறுவயது முதல் கண்டு வருகின்றோம். அண்மைக்காலப் படைப்பொன்றையும் கூறுவோம். 2000-ஆம் ஆண்டு சனவரி 1-ஆம் நாள் கன்னியாகுமரியில் திறக்கப்பெற்ற 133 அடித் திருவள்ளுவர் சிலையின் அடியில், கணபதி தபதியார் பத்து யானைகளை அமைத்தார். எட்டுத் திசைக்கு எட்டு. மேலும் கீழுமாக இரண்டு. பழைய திசையானைக் கருத்து, கடல்நடுவே புதுப்பணியில் பொருந்தியமை காண்க.

இனி, விலங்கைச் செதுக்குவோன் கல்லின் இயல்பையும் அறிதல் வேண்டும். கருங்கல் பெரும் பாரத்தைத் தாங்கும். வளைவையும் இழுப்பையும் தாங்காது. நந்தி கால் மடக்கிப் படுத்திருப்பதற்குப் பத்தியின் காரணம் உண்டு. கல்லின் காரணமும் உண்டு. திருவரங்கத்துச் சேஷராயர் மண்டபத்தில் பாய்ந்தெழும் குதிரைகளைச் செதுக்கினோர், அவற்றைத் தூணோடு ஒட்டவைத்து, கீழே வீரரையும் வேட்டை விலங்கையும் நிறுத்தித் தாங்கச் செய்தனர். யாளியின் வாயில் உருளும் கற்பந்து வெளியிலிருந்து இட்டதன்று. அதே கல்லைப் பல்லிடுக்கு வழியே குடைந்து எடுத்தது. ஓரடி தவறின் முழுத்தூணும் வீணாம். இவையெல்லாம் உங்கள் கைக்குத் தெரியும். யாம் சொல்லித் தெரிய வேண்டுவதில்லை.

ஆனால் இன்று நிகழ்வது என்ன? தோட்டத்திற்கு ஒரு யானையும், விடுதி வாயிலுக்கு இரு சிங்கங்களும் வேண்டுமென்று கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டுகின்றனர். அப்படத்தை நாமும் படி எடுக்கின்றோம். சில திங்களுக்கு முன், உறவினப் பிள்ளை ஒருவன் பிள்ளையாரின் ஊர்தியைச் செதுக்கிக்கொண்டிருந்தான். "தம்பி! இது எலியா, மூஞ்சூறா?" என்று வினவினோம். "இரண்டும் ஒன்றுதானே, பெரியப்பா?" என்றான். ஒன்றன்று. மூஞ்சூற்றின் மூக்கு நீண்டு கூர்ந்திருக்கும். "வீட்டில் ஓடுகிறதே, அதனைப் பார்த்தாயா?" என்றோம். "படத்தைத்தான் பார்த்தேன்" என்றான். அவனைக் குறை கூறோம். பார்க்கக் கற்பியாத நம்மையே குறை கூறிக்கொள்கின்றோம்.

தொல்காப்பியத்து மரபியலைக் கற்பிக்குங்கால் எமக்கு வியப்பு விளைவதுண்டு. ஆண் யானை களிறு, பெண் யானை பிடி. ஆண் குரங்கு கடுவன், பெண் குரங்கு மந்தி. மானின் இளமை மறி, புலியின் இளமை குருளை. உற்றுநோக்காத மக்களிடத்து இத்தனை சொற்கள் பிறந்திரா. அச்சொற்களைச் செய்த கண்ணே நம் முன்னோர் சிற்பத்தையும் செய்தது.

படத்தைப் பார்த்துப் படி எடுப்பதே தொழிலென்றால், கணினி பூட்டிய செதுக்குபொறி அதனை நம்மினும் விரைவாகச் செய்யும். பொறியோடு விரைவிற் போட்டியிட்டு வெல்லல் அரிது, பார்வையில் வெல்லலாம். மாமல்லபுரத்துக் கற்சிற்பம் 2017-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. பின்னர் மயிலாடிக் கற்சிற்பமும் அப்பெருமையை எய்தியது. அக்குறியீடு ஊரின் பெயரைக் காக்கும். கையின் திறத்தை நாமே காத்தல் வேண்டும்.

அன்பர்காள்! கையைப் பற்றிப் பேசினோம். மூச்சைப் பற்றியும் பேசாது அமர்தல் முறையன்று. எம் தந்தையார் எத்தனையோ நந்திகளுக்கு மூக்கு வடித்தவர். தம் 58-ஆம் அகவையில் மூச்சுவிட மாட்டாது மறைந்தார். அவ்விருமலைக் காசநோயென்றே பல்லாண்டு எண்ணியிருந்தோம். கல்தூசி நுரையீரலில் படிந்து வடுவாக்கிய சிலிக்கோசிஸ் என்னும் நோயென்று மருத்துவர் சொல்ல, காலங்கடந்தே அறிந்தோம். அதனைத் தீர்க்கும் மருந்து இல்லை; ஆயின் வாராமல் தடுத்தல் முற்றிலும் இயலும். உளி பெயர்ப்பது சில்லு. மின்சாரத் தட்டு கிளப்புவதோ கண்ணுக்குப் புலனாகா நுண்தூசி. தோளில் கிடக்கும் துண்டை மூக்கில் கட்டினால் அது தடைப்படாது. எனவே முன்னினும் பன்மடங்கு விழிப்பு இக்காலத்திற்கு வேண்டும்.

ஆதலின் மூன்று விண்ணப்பங்களைச் சங்கத்தின்முன் வைக்கின்றோம். முதலாவது, பட்டறைதோறும் நீர் விட்டு அறுக்கும் ஏற்பாடும், தூசியை உறிஞ்சும் கருவியும், தக்க முகக்கவசமும் வேண்டும்; தொழிலாளர்க்கு ஆண்டுதோறும் நுரையீரல் ஆய்வு வேண்டும். இரண்டாவது, ஞாயிறுதோறும் நம் சிறுவர்களைத் தொழுவத்திற்கும் குளக்கரைக்கும் அழைத்துச் சென்று, மாட்டையும் கொக்கையும் நேரிற் பார்த்து வரையப் பழக்குதல் வேண்டும். அப்பணிக்கு யாம் கூலியின்றி வருவோம். மூன்றாவது, கையால் ஆகியது இது, பொறியால் ஆகியது இது என்று வாங்குவோர்க்கு ஒளியாது கூறி, விலையையும் அதற்கேற்ப வகுத்தல் வேண்டும்.

எம் தந்தையார் வடித்த நந்தி ஒன்று சிற்றூர்க் கோயில் ஒன்றில் இன்றும் உள்ளது. அதன் மூக்குத் துளையில் கைவைத்துப் பார்க்கும் குழந்தைகள், மூச்சு வருகிறதென்று தம்முள் சொல்லி மகிழ்வர். கல்லுக்கு மூச்சளிக்கும் குலத்தார் தம் மூச்சை இழந்து அதனைச் செய்யவேண்டுவதில்லை. இதனைச் சிந்திக்குமாறு வேண்டி அமர்கின்றோம். சிற்பம் வாழ்க! சிற்பியர் நீடு வாழ்க!