நீரோட்டம் என்னும் மறைந்த எதிரி

கடலில் மிதக்கும் எண்ணெய் மேடைக்கு அலைதான் எதிரி என்று நினைக்கிறோம். சத்தமில்லாத நீரோட்டமும் எதிரிதான். ஓடும் வாய்க்காலில் ஒரு மூங்கில் கழியை ஊன்றிப் பாருங்கள். கழி நடுங்கும். அதன் பின்னால் இரு பக்கமும் மாறி மாறிச் சுழல் பிறந்து கழியை இழுக்கிறது. மெக்சிகோ வளைகுடாவில் 'லூப்' நீரோட்டம் பாயும்போது, உருளை வடிவ 'ஸ்பார்' மேடைகளும் அப்படித்தான் ஆடுகின்றன. புயல் போனால் அலை அடங்கும். நீரோட்டமோ நாள்கணக்கில் ஓயாது. நங்கூரச் சங்கிலிகள் மெல்ல மெல்ல வலுவிழக்கும்.

இறுக்கிக் கட்டினால் போதாதா என்று கேட்கலாம். ஒவ்வோர் அலையையும் விறைப்பாக எதிர்த்தால் கட்டு அறுந்துவிடும். அதனால் மேடையைக் கொஞ்சம் அசையவிட்டு, நீரோட்டத்தின் சுழலை மட்டும் உடைக்கிறார்கள். உருளையைச் சுற்றித் திருகாணியின் மரைபோலத் தகடுகள் பொருத்துகிறார்கள். சுழல்கள் ஒன்றுசேராமல் சிதறுகின்றன. அலை கண்ணுக்குத் தெரியும், நீரோட்டம் தெரியாது. தெரியாததற்கும் சேர்த்துத்தான் மேடை கட்ட வேண்டும்.