பன்னிருவர் வேண்டும்

(இளையரசனேந்தலில் கூடிய நம் சங்கத்துக் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழாசிரியர் பேசுகின்றார் எனவே இலக்கியம் கேட்கலாம் என்று வந்தோர் சிலர் இருப்பர், அவர்கள் பொறுத்தருள்க. யாம் இன்று எடுத்துக்கொண்ட பொருள் வலைப்பந்தாட்டம். அதனினும் நுணுக்கிக் கூறின், வருகின்ற தைத் திங்களில் அயலூரில் நடைபெறவிருக்கும் ஒருநாட் பந்தயத்திற்கு நம் ஊர்ப் பெண்மக்களை எத்துணைப் பேராக அனுப்புவது என்பதேயாம். பள்ளியிலிருந்து பன்னிரண்டு இல்லங்களுக்கு இசைவுத்தாள் சென்றது. கையொப்பத்தோடு திரும்பியவை எட்டு. திரும்பாத நான்கனுள் மூன்று நம் சங்கத்தாருடைய இல்லங்கள். ஆதலின் இம்மேடையை நாடினோம்.

யாம் இவ்வாட்டத்தைக் கற்பிப்போர் அல்லேம். கற்பிப்பவர் உடற்கல்வி ஆசிரியையாகிய அம்மையார். அவர்க்குத் துணையாகப் புள்ளியெழுதும் ஏடும் தண்ணீர்க் கலமும் சுமந்து உடன் செல்வதே எம் பணி. நுட்பம் வேண்டுவோர் அவரையே அணுகுக; கரையில் நின்று நாள் முழுதும் கண்டதை யாம் சொல்லுவோம்.

இவ்வாட்டத்தின் வரலாறு நெடியதன்று. 1891-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பார் கூடைப்பந்தாட்டத்தை அமைத்தார். அஃது இங்கிலாந்து சென்று, அங்குப் பெண்கள் கல்லூரிகளில் உருமாறி, 1901-இல் தனக்கெனத் தனி விதிகளைப் பெற்றது. பின்னர் ஆங்கிலேயர் ஆண்ட நாடுகளிலெல்லாம் பெண்கள் பள்ளிகளின் வழியே பரவிற்று. நாட்டுக்கொன்றாகக் கிடந்த விதிகளை ஒருமைப்படுத்தும்பொருட்டு 1960-இல் பல நாட்டு மகளிரும் வந்து கூடிய இடம், கடலுக்கு அப்பால் நமக்கு அண்மையிலுள்ள இலங்கையே என்பதை நம்மவருட் பலர் அறியார். முதல் உலகப் போட்டி 1963-இல் இங்கிலாந்தில் ஈஸ்ட்போர்ன் நகரில் நடந்தது. இந்தியாவில் இதற்கெனக் கூட்டமைப்புத் தோன்றியது 1978-இல். 2010-இல் தில்லியில் நிகழ்ந்த காமன்வெல்த் விளையாட்டுகளிலும் இஃது இடம் பெற்றது.

ஆடுகளத்தின் அளவை நம் அடிக்கணக்கிலேயே சொல்லிவிடலாம். நீளம் 100 அடி. அகலம் 50 அடி. நீளவாக்கில் அஃது ஒத்த மூன்று கூறாகப் பகுக்கப்படும். இரு முனையிலும் 16 அடி ஆரமுள்ள அரைவட்டம். அதன் நடுவே 10 அடி உயரக் கம்பம், கம்பத்தின் தலையில் 15 அங்குல வளையம், வளையத்தில் வலை. கூடைப்பந்தில் உள்ளது போன்ற பின்பலகை இங்கு இல்லை. குறி தவறினால் பலகையிற் பட்டு வளையத்துள் விழும் என்னும் நம்பிக்கைக்கு இடமே இல்லை என்க. நம் ஊரில் ஒரு பட்டறையில் பத்தடிக் குழாயில் வளையம் பற்றவைத்து இரண்டு கம்பங்கள் செய்துகொண்டோம். அளவு சிறிதும் வழுவவில்லை.

ஓரணிக்குக் களத்தில் எழுவர். கோல் ஷூட்டர், கோல் அட்டாக், விங் அட்டாக், சென்டர், விங் டிஃபென்ஸ், கோல் டிஃபென்ஸ், கோல் கீப்பர் எனப் பெயர். ஒவ்வொருவர்க்கும் இன்ன எல்லை என வரையறை உண்டு, கடந்தால் குற்றம். அரைவட்டத்துள் நின்று வளையத்தில் எறியும் உரிமை முதலிருவர்க்கே உரியது. பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு ஓடுதல் கூடாது. பற்றிய பந்தை மூன்று நொடிக்குள் விடுத்தல் வேண்டும். களத்தின் ஒரு கூற்றை முழுதும் தாண்டுமாறு எறிதலும் ஆகாது. எனவே கடைக்கோடியில் நிற்கும் கோல் கீப்பர் கையிலிருந்து பந்து எதிர்முனைக்குச் செல்ல வேண்டுமாயின், அஃது இடையிலுள்ளோர் கைகளினூடே சென்றே தீரும்.

பெண்கள் பந்தாடுதல் மேனாட்டு வழக்கு எனக் குறைகூறுவார் உளர். சிலப்பதிகாரத்து வாழ்த்துக்காதையிற் கந்துகவரி என்னும் பகுதியே உண்டு. மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சியில் வசந்தவல்லியைப் பந்தாட வைத்துப் பாடினார். ஆயின் ஒரு வேறுபாடு காண்க. வசந்தவல்லியின் பந்து அவள் கையிலேயே எழுந்து அவள் கைக்கே மீளும், கண்டோர் வியப்பர். வலைப்பந்தில் ஒருத்தி எத்துணை வல்லவளாயினும் மூன்று நொடிக்கு மேல் பந்து அவளுடையது அன்று.

இதற்குச் சான்று நம் மொழியார் ஒருவரிடமே உள்ளது. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த தர்ஜினி சிவலிங்கம் என்னும் அம்மையார் 2.08 மீட்டர், அஃதாவது ஆறடிப் பத்தங்குல உயரம் உடையவர். இலங்கை அணியின் கோல் ஷூட்டராக விளங்கியவர். 2018-இல் சிங்கப்பூரில் இலங்கை ஆசியக் கோப்பையை வென்றபோது அவ்வணியில் ஆடினார். 2019-இல் இங்கிலாந்தில் லிவர்பூல் நகரில் நடந்த உலகக் கோப்பையில் அனைத்து நாட்டாரினும் மிகுதியான கோல்களை எறிந்தவர் அவரே. அப்போட்டியில் ஆடிய நாடுகள் 16. இலங்கை பெற்ற இடம் 15-ஆவது. அவர்க்குப் பந்து கிடைத்தவழிக் கோல் கிடைத்தது. பந்து அவரை அடையுமுன் நடந்தவற்றை அவர் என் செய்வார்?

இனி ஒருநாட் பந்தயம் என்பதன் இயல்பைக் கேண்மின். பெரியோர் ஆடும் முழு ஆட்டம் 15 நிமிடம் கொண்ட நான்கு பகுதிகள். ஆக 60 நிமிடம். ஒருநாட் பந்தயத்திலோ ஆட்டம் சிறிது; நாம் செல்லும் பந்தயத்தில் 10 நிமிடம் கொண்ட இரண்டு பாதிகள். சிறிதென்று மகிழற்க. நந்நான்கு அணிகளாகப் பிரித்து, ஓரணி ஏனை மூன்றோடும் ஆட வேண்டும். வென்றால் அரையிறுதி, அதனையும் வென்றால் இறுதி. இவ்வாறு ஐந்து ஆட்டம், 20 நிமிடம் வீதம் 100 நிமிடம். உலகப் போட்டியில் ஆடும் மகளிர் கூரையின்கீழ் ஒரு நாளில் 60 நிமிடம் ஆட, பதினான்கும் பதினைந்தும் அகவையுள்ள நம் குழந்தைகள் நிழலற்ற திடலில் 100 நிமிடம் ஆடுகின்றனர். தை வெயில் சித்திரை வெயில் அன்று. ஆயினும் நண்பகலில் அதுவும் வெயிலே.

சென்ற ஆண்டு நடந்ததைக் கூறுவோம். அப்பொழுதும் எண்மரே வந்தனர். காலை ஏழரை மணிக்கு முதல் ஆட்டம், வென்றோம். ஒன்பதரைக்கு இரண்டாவது, அதனையும் வென்றோம். மூன்றாவது சமமாக முடிந்தது. இடையிடையே ஒருமணி, ஒன்றரைமணி என வாளா இருத்தல். அவ்விருப்பு ஓய்வு போலத் தோன்றும். உடலோ சூடு தணிந்து இறுகிவிடும். பிற்பகல் இரண்டு மணிக்கு அரையிறுதிக்கு அழைத்தபோது நம் சென்டர் எழுந்து நின்ற நிலையிலேயே கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. களத்தின் முக்கூற்றிலும் ஓடும் உரிமையும் கடமையும் உடையவள் அவ்வொருத்தியே. காலை முதல் ஒரு நிமிடமேனும் அமராது ஓடியவளும் அவளே. எஞ்சியிருந்த எட்டாமவள் கோல் கீப்பராகப் பழகிய குழந்தை. அவளைச் சென்டராக நிறுத்தினோம், வேறு வழியின்று. இரண்டு கோலில் தோற்றோம். எதிரணியில் கரையில் ஐவர் அமர்ந்திருந்தனர். முதற்பாதி முடிந்ததும் அவருள் மூவர் எழுந்து களம் புகுந்ததை யாம் ஏட்டிற் குறித்துக்கொண்டோம்.

தோல்வியைப் பெரிதாகக் கருதினோமல்லோம். அக்குழந்தை நொண்டிக்கொண்டு வண்டி ஏறியதையே மறக்கவொண்ணாது. ஓடிவந்து பந்தைப் பற்றியவுடன் நின்றுவிட வேண்டும் என்பது இவ்வாட்டத்தின் விதி. அதனால் கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் நேரும் இடர் இதில் மிகுதி. களைத்த கால் தவறி ஊன்றும். பன்னிருவர் வேண்டும் என்று யாம் வற்புறுத்துவது கோப்பைக்காக மட்டும் அன்று.

"களத்தில் எழுவர்தாமே? என் மகள் நாள் முழுதும் உட்கார்ந்திருக்கவா வெயிலிற் போக வேண்டும்?" என்று ஒரு தந்தையார் எம்மிடம் வினவினார். நேரிய வினாவே. விடை இது: இவ்வாண்டு எவளும் ஐந்து ஆட்டமும் ஆடப்போவதில்லை, எவளும் ஐந்தும் அமர்ந்திருக்கப் போவதுமில்லை. ஒவ்வொருத்திக்கும் அடுத்தடுத்த இரண்டு இடங்கள் கற்பிக்கப்படுகின்றன. கோல் அட்டாக் ஆடுபவள் விங் அட்டாக்கும் அறிவாள். கோல் கீப்பர் கோல் டிஃபென்ஸும் அறிவாள். சென்டருக்கு மட்டும் மூவர். இன்ன ஆட்டத்தில் இன்னார் என முன்னரே எழுதி அம்மையார் வைத்துள்ளார். விரும்புவோர் வந்து காண்க.

பயிற்சி ஆறு வாரம். கார்த்திகை மார்கழி மழையில் நம் கரிசல் எப்படியிருக்கும் என்று உங்களுக்கு யாம் சொல்ல வேண்டுவதில்லை. செருப்புக்குக் கீழே மற்றொரு செருப்பு ஒட்டிக்கொள்ளும். திடலில் சரளும் செம்மண்ணும் கொட்டி அமுக்கியிருக்கிறோம். நன்றாகக் காய்ந்த நாளில் மட்டுமே அங்கு ஓட்டம். ஏனை நாளில் தானியம் உலர்த்தும் சிமிட்டிக் களத்தில் பந்து பற்றுதலும் குறியெறிதலும். அங்குக் குதிக்க விடுவதில்லை, முழங்காலுக்கு ஆகாது. வீட்டிலிருந்து கண்டவர் சிலர், குழந்தைகள் ஓடாது நின்றுகொண்டே எறிகின்றனரே, இதுவும் ஒரு பயிற்சியோ என்றனர். பின்பலகை இல்லாத வளையத்தில் நாளொன்றுக்கு ஐம்பது முறை எறிந்து பார்த்துப் பின்னர் அவர்கள் பேசுவாராக.

தாய்மார்களுக்குச் சில. ஆடை பற்றி அஞ்ச வேண்டா. நம் பெண்கள் முழுக்காற்சட்டையும் கைவைத்த சட்டையும் அணிந்தே ஆடுகின்றனர். பூப்பெய்திய பின் ஆடலாமா என்று கேட்கின்றீர்கள். உலகில் இவ்வாட்டத்தை ஆடும் மகளிர் அனைவரும் பூப்பெய்தியோரே. மாதவிலக்கு நாளாக அமைந்தால் ஆடுவதும் ஆடாமையும் அக்குழந்தையின் விருப்பம். அவளை அம்மையார் வற்புறுத்தார். திடலில் கழிப்பிடம் உண்டா, தண்ணீர் உண்டா என்பதை நேரிற் சென்று பார்த்து வந்தோம்; உண்டு. உணவில் உங்கள் உதவி வேண்டும். காலையில் இட்டலி. பின்னர் ஆட்டத்துக்கு ஆட்டம் உப்பிட்ட மோர், வாழைப்பழம், கோவில்பட்டிக் கடலைமிட்டாய் ஒவ்வொன்று. (2020-இல் புவிசார் குறியீடு பெற்ற பண்டம் நம் வாயிலில் இருக்க, விலையுயர்ந்த சத்துமாவு எதற்கு?) நண்பகலில் சிறிதளவு தயிர்ச்சோறு போதும். சென்ற முறை அன்பினால் ஒருவர் பிரியாணி வாங்கித் தந்தார். உண்ட குழந்தைகள் அரைமணியில் ஓட வேண்டியிருந்ததை அவர் அறியார்.

இறுதியாக, சற்றுத் தயக்கத்தோடு கூற வேண்டியது ஒன்று. நம் சங்கத்தின் பெயரால், நம் பிள்ளைகளை மட்டும் கொண்டு ஓர் அணி அமைப்பின் செலவு முழுவதையும் ஏற்போம் என்று பெரியவர் சிலர் கூறினர். அவர்தம் அன்பினை யாம் ஐயுறவில்லை. ஆயின் இவ்வூர்ப் பள்ளியில் அவ்வகவையுள்ள நம் பெண்களை எண்ணிப் பார்த்தோம், பன்னிருவர் ஆகார். ஆயினுமே அவ்வாறு செய்யக் கருதோம். நம் சென்டர் பந்தைப் பற்றுமுன்பே கீழத்தெருக் குழந்தை எந்தப் பக்கம் ஓடுவாள் என்று அவளுக்குத் தெரியும். ஐந்தாண்டு ஒரே வகுப்பில் அமர்ந்தும் ஒரே திடலில் விழுந்தும் எழுந்தும் வந்த அறிவு அது. அதனைத் தெருவாரியாகப் பிரித்தெடுத்தல் எவராலும் இயலாது. இன்னொன்றும் வெளிப்படக் கூறிவிடுகின்றோம். அன்றைய உணவு ஒரே அடுப்பிற் சமைக்கப்படும். மோர் ஒரே கலத்திலிருந்து பன்னிருவர்க்கும் வார்க்கப்படும். பின்னர்க் கேள்வியுற்று எவரேனும் வருந்துவதினும் இப்பொழுதே அறிந்திருத்தல் நன்று. சங்கம் பொருளுதவி செய்ய விரும்பின், பன்னிருவர்க்கும் காலணியும் வண்டி வாடகையும் தருக. எந்தப் பெயரை வண்டியில் எழுதுவது என்று அவர்கள் கேட்டால், ஊர்ப் பெயரை எழுதுக என்போம்.

இசைவுத்தாள் வெள்ளிக்கிழமை மாலைக்குள் பள்ளிக்கு வருதல் வேண்டும். சனிக்கிழமை காலையில் பெயர்ப்பட்டியலை அனுப்பிவிடுவோம். பந்தய நாளன்று விடியற்காலை ஐந்து மணிக்குப் பேருந்து நிறுத்தத்திலிருந்து வண்டி புறப்படும். இரவு எட்டு மணிக்குள் ஒவ்வொரு குழந்தையையும் அவரவர் வீட்டு வாயிலிலேயே இறக்கிவிடுவோம். உடன்வர இரண்டு தாய்மார் இசைந்துள்ளனர். இன்னும் இருவர்க்கு வண்டியில் இடம் உண்டு.